ஏரியிலேயே அலச வேண்டிய துணி

1

இந்தக் கதை ஒரு கேள்வியாகத்தான் என்னிடம் வந்தது. செஞ்சித் தபாலாபீசில், பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய தடித்த உறையை எடை போடக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். 1963, பங்குனி வெயில். எனக்குப் பின்னால் நின்றிருந்த அனந்தமதி உறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடலை மண்டி சீதளநாதனின் மனைவி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அதுவரை வழியில் கண்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

"யக்கா, இதெல்லாம் நீங்களே இட்டுக்கட்டி எழுதறதுதானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் சொல்றது பொய்யா நெஜமான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாத்தான்."

சும்மா யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் என் தொழிலை மதித்து அந்த ஊரில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பெருமையில் பதில் சொல்லிவிட்டேன்.

"நெஜம் சொல்றவங்களுக்கு அங்கங்க மறந்துபோயிருக்கும். பொய் சொல்றவங்ககிட்ட எல்லாத்துக்கும் விவரம் இருக்கும். விவரம் ஜாஸ்தியா வந்தா சந்தேகப்படு."

"உங்க கதையில விவரம் ஜாஸ்தியா இருக்குமா?"

"ரொம்ப."

இருவரும் சிரித்தோம். அவள் ஒரு கார்டு வாங்கி, அங்கேயே பலகைமேல் வைத்து, வீடூரில் இருக்கும் அண்ணன் சுமதிநாதனுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போனாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. (பார்த்தேன். 'சித்திரையில் வந்தாலும் வருவேன்' என்று இருந்தது.)

பின்னால் ஒருநாள் நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்னாள், ஓர் இடம் வரைக்கும். அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. இதை எழுத வேறு காரணம் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஏரி அமைதியாக இருந்தது.' அடித்துவிட்டேன். கதைகளில் வருகிற ஏரிகளெல்லாம் அமைதியாகவே இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டாவது: 'அனந்தமதி தன் கணவரை நம்பினாள், ஆனால்...' ஆனால் என்று வந்ததும் முன்பாதி பொய்யாகிவிடுகிறது. அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது: 'துணி மூன்றாக மடிந்திருந்தது.'

இதிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. அவளுக்கும் இதிலிருந்துதான் தொடங்கியது.

2 (மறுபடியும்)

துணி மூன்றாக மடிந்திருந்தது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான கெட்டி வெள்ளைத் துணி. அனந்தமதி அதை நான்காகத்தான் மடிப்பாள். சீதளநாதன் எதையும் மடிக்கிறவர் அல்ல, சுருட்டித் திணிக்கிறவர். அப்படியென்றால் இதை மூன்றாக மடித்தது யார்?

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செஞ்சியில் நயினார் வீடுகள் என்றால் சமணர் வீடுகள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், வடிகட்டாமல் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அனந்தமதி தினமும் காலையில் துணியை இரட்டையாக்கிக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிப்பாள். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் துணியில் தங்கிவிடும். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீராலேயே அலசி, அலசிய தண்ணீரை வாளியில் விட்டுக் கிணற்றுக்குள் இறக்குவாள். வாளியின் அடியில் தனியாக ஒரு சிறு கயிறு. வாளி தண்ணீரைத் தொட்டதும் அதைச் சுண்டினால் வாளி மெல்லச் சாயும். மேலிருந்து கொட்டக் கூடாது; விழுகிற வேகத்தில் செத்துப்போகும். அலசுவதற்குள் துணி காய்ந்தாலும் செத்துப்போகும். வேறு தண்ணீரிலும் விடக் கூடாது. கிணற்றில் பிறந்தது கிணற்றுக்கே போக வேண்டும், ஏரியில் பிறந்தது ஏரிக்கு.

முந்தின வருஷம் ஆவணியில், கடலை வரத்து இல்லாத நாட்களில், சீதளநாதன் ஜவுளிக்கடை ராஜகோபாலோடு தேக்கடிக்குப் போனார். கிளம்பும்போது துணியைப் பையில் வைத்துவிட்டு அவள் மூன்று தரம் சொன்னாள்: "துணிய ஏரியிலயே அலசுங்க. மறந்துடாதீங்க." ராஜகோபால் புதன்கிழமை திரும்பிவிட்டார். இவர் வெள்ளிக்கிழமைதான் வந்தார், மூன்றாக மடித்த துணியோடு.

(அவள் சொன்னபடியே 'அவர்' என்று எழுதுகிறேன். அத்தனை சந்தேகத்திலும் மரியாதை குறையவில்லை.)

3

அந்த இரண்டு நாட்களுக்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. அனந்தமதியிடம் அவர் சொன்னது: மலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மண்டியில் மூட்டை தைக்கும் ஜெயராமனிடம் சொன்னது: காய்ச்சல். மூன்றாவது காரணம் ராஜகோபால் கடையில் அவள் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து விழுந்தது.

"இன்னா நயினாரே," என்று ராஜகோபால் தெருவில் போன சீதளநாதனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏலக்காய் விலை கேட்டுனு வரேன்னு கம்பத்துல எறங்கிட்டீங்களே, ஏலக்காய் எங்க? வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு பாயாசத்துக்காவது ஆவுமே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சீதளநாதனும் சிரித்துவிட்டுப் போனார். அனந்தமதி பாவாடைத் துணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஆனால் ஏரியைப் பற்றி மட்டும் அவர் பேச்சு மாறவே இல்லை. செஞ்சிக்காரர்களுக்கு மலையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் கேட்பார்கள். ஒரு மாதம் கடைத்தெருவில் தேக்கடிதான்.

"படகுத்துறையில இருபத்திரெண்டு படி. எறங்கினா தண்ணி. தண்ணிக்குள்ள செத்த மரம், தலை மட்டும் வெளிய. அணை கட்னப்ப முழுகின காடு அது. ஒவ்வொரு தலையிலயும் ஒரு நீர்க்காக்கா, ரெக்கைய விரிச்சிக்கினு, துணி காயப் போட்ட மாதிரி. அந்தத் தண்ணிய மலையக் கொடஞ்சி நம்ம பக்கம் திருப்பறாங்க. குழாய்ல எறங்கி, பவர் ஹவுஸ்ல கரண்ட் எடுத்து, அப்புறம் ஆறாப் போவுது."

இத்தனை விவரங்கள். பங்குனியில் தபாலாபீசில் நான் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு போய் அவள் இதன்மேல் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு படியா? படியை யார் எண்ணுகிறார்கள்? எங்கேயோ யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்தான் எண்ணிக்கை சொல்வார்.

"என்னையும் தேக்கடிக்கு இட்டுனு போங்க," என்றாள்.

அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்தாள். மாறவில்லை. மாறாத முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தாள்.

சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் மகள் தர்மவதியைக் கொண்டுபோய் வீடூரில் அண்ணன் வீட்டில் விட்டாள். அவள் மனத்துக்குள் ஒரு முடிவு இருந்தது. ஏரி பொய்யென்று தெரிந்தால், திரும்பும்போது விழுப்புரத்தில் இறங்கிச் செஞ்சி பஸ் ஏறப்போவதில்லை. வீடூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அப்புறம் அவர் மண்டியும் அவர் வீடும் அவரோடு. நாலு நாள் பயணத்துக்குப் பெட்டியில் எட்டுப் புடவை வைத்தாள்.

4

ரயில், மதுரை, பஸ், தேனி, கம்பம், மலை ஏற்றம், குமுளி. இந்த வழியை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் எங்கே தயங்குகிறார், யாரிடம் வழி கேட்கிறார் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். குமுளியில் இறங்கியதும் அவர் யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்தார். அவளுக்கு நெஞ்சு இளகியது. பத்தடி போனதும் ஒரு பலகையில் அம்புக்குறி போட்டுப் படகுத்துறை என்று எழுதியிருந்ததைக் கண்டாள். இளகியது மறுபடி இறுகிக்கொண்டது.

படகுத்துறையில் அவள் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள்.

"முப்பத்தியேழு," என்றாள்.

"இன்னா முப்பத்தியேழு?"

"இருபத்திரெண்டுன்னு சொன்னீங்க."

"அது ஆவணி. தண்ணி மேல வரைக்கும் இருந்துது. மீதிப் படி உள்ள இருந்துது." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "எண்ணிக்கினா வந்த?"

அவள் திரும்பி ஏறி இருபத்திரண்டாவது படியைப் பார்த்தாள். பாசி காய்ந்து வெளுத்திருந்தது. இருபதாவது படியிலும் அப்படித்தான் இருந்தது. பதினெட்டிலும்.

மரங்களும் அவர் சொன்னபடி இல்லை. தலை மட்டுமா தெரிந்தது? இடுப்பு, கால், சேற்றில் புதைந்த வேர் வரைக்கும் கரிக்கட்டையாக நின்றன. கரையோரமெல்லாம் தண்ணீர் விட்டுப்போன செம்மண். ஏரி அவருக்குச் சாதகமாகவும் சாட்சி சொல்லவில்லை, எதிராகவும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் தன் அடையாளங்களையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் படகு ஓட்டும் செல்லப்பன் வந்தார். கம்பத்துக்காரர். "வாங்கண்ணே, வாங்க! போன தடவ வந்துட்டுப் போனீக, அதுக்கப்புறம் ஆளையே காணமே!"

அனந்தமதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எட்டுப் புடவையை நினைத்து வெட்கப்பட்டாள். படகுப் பலகையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கோயமுத்தூர்க் குடும்பம் படகில் ஏறியது.

"வாங்கண்ணே, வாங்க! போன தடவ வந்துட்டுப் போனீக, அதுக்கப்புறம் ஆளையே காணமே!"

"நாங்க இப்பத்தானுங்க மொதத் தடவ வர்றோம்," என்றார் அந்த மனிதர்.

"அதனாலென்னங்கண்ணே. அடுத்த தடவைக்கு இப்பவே சொல்லி வச்சேன்."

படகு முழுக்கச் சிரித்தது. சீதளநாதன் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

5

ஏரியைப் பற்றிக் கொஞ்சமாவது எழுத வேண்டும். நான் அங்கே போனதில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவளோ தண்ணீரைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆகவே கீழே வரும் ஏரி இரண்டு பேர் கை மாறி வந்தது.

மலைகளுக்கு நடுவே ஏரி விரல் விரித்த கைபோலப் பிரிந்து பிரிந்து போயிற்று. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஓர் ஆறு வந்து இறங்குவதாகச் செல்லப்பன் சொன்னார். அந்த ஆறுகளுக்கு அப்பால் வீடு இல்லை, வயல் இல்லை, கோயில் கோபுரம் இல்லை. செஞ்சியில் எந்தக் காட்டுக்குள் போனாலும் ஏதோ ஒரு கோட்டைச் சுவர் கண்ணில் படும். இங்கே மனிதர் கட்டியதென்று அணையும் படகுத்துறையும்தான். மோட்டாரை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு வெறுமை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இரண்டு நாள் காணாமல் போனால் யாருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. இங்கே வராமலே வந்தேன் என்று சொன்னாலும் யாருக்குத் தெரியும்.

செத்த மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வைத்திருந்தன. துணி காயப் போட்ட மாதிரி. அதே மாதிரி. அதையும் அவள் நம்பவில்லை. நீர்க்காகம் எங்கே இருந்தாலும் அப்படித்தானே உட்காரும்?

ஏரி இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். படகு வலப்பக்கம் போயிற்று.

யானை வந்ததா என்று அவளிடம் கேட்டேன். வந்தது என்றாள். எத்தனை என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். (ஆகவே நம்புகிறேன்.)

6

கரைக்குத் திரும்பும்போது நாலரை மணி. இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும். கம்பம் போகிற பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். கடைசிப் படியில் உட்கார்ந்தார்கள். அவர் தூக்குப் பாத்திரத்திலிருந்து ஊறவைத்த அவலை எடுத்து, வெல்லக்கட்டியை உடைத்து, பெரிய துண்டை அவள் பக்கம் வைத்தார். அன்பு கூடினாலும் அவளுக்கு அப்போது சந்தேகம்தான்.

அவள் கைக்குவளையில் ஏரித் தண்ணீரை மொண்டு, செம்பின் வாயில் துணியைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு நாளு பத்தி நீ இன்னாவோ நெனச்சிக்கினு இருக்கற," என்றார்.

"நான் ஒண்ணும் நெனைக்கல."

"எட்டுப் பொடவை எடுத்துக்கினு வந்திருக்கற."

அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"துணிய அலச மறந்துட்டேன், அனந்தம்," என்றார். "இதே படகுத்துறையிலதான் தண்ணி வடிச்சேன். ராஜகோபாலு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு கத்தறான். சுருட்டிப் பையில போட்டுட்டேன். கம்பத்துல தண்ணி குடிக்கப் பைய தொறந்தா, துணி ஈரமா இருக்குது. அப்படியே தூக்கிவாரிப் போட்டுது. எல்லாம் இந்த ஏரியில பொறந்தது. அவன்கிட்ட இன்னான்னு சொல்றது? துணி அலசப் போறேன்னு சொன்னா கடைத்தெரு பூரா நாறடிச்சிடுவான். ஏலக்காய்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"செம்புல வடிச்ச தண்ணி இருந்துது. குடிக்கல. துணி காயாம அதையே கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கினே வந்தேன். மேல வந்து சேர்றதுக்குள்ள படகுத்துறை கேட்ட மூடிட்டாங்க. மறுநாள் காலையில வந்து அலசினேன். லாட்ஜுல கூட்டற அம்மா காயவச்சி மடிச்சிக் குடுத்துது. அன்னிக்கு மழையில பஸ்ஸு வரல. அதான் ரெண்டு நாளு."

மூன்று மடிப்பு, ஏலக்காய், நின்றுபோன பஸ். எல்லாவற்றுக்கும் காரணம் வந்துவிட்டது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும்.

"இந்த ஏரித் தண்ணிதானே சுரங்கத்துல கீழ வருது?" என்றாள் அனந்தமதி. "நீங்களே கடைத்தெருவுல சொன்னீங்க. கம்பத்துக்கிட்டயே அந்த ஆத்துல விட்டிருக்கலாமே. எதுக்கு மலை ஏறணும்?"

"குழாய்ல விழுந்து, பவர் ஹவுஸ் சக்கரத்துல அடிபட்டு வர்ற தண்ணி அது. அது ஏரியா?"

இதற்கும் ஒரு பதில். ஒவ்வொரு ஓட்டைக்கும் அவரிடம் ஓர் அடைப்பு இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா?" அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "ராஜகோபாலு சிரிப்பான். ஒரு மாசத்துல மறந்துடுவான். நீ சிரிக்க மாட்ட. மறக்கவும் மாட்ட."

அவர் பேசியதிலேயே விவரம் எதுவும் இல்லாத பேச்சு அது ஒன்றுதான். அது அவளைத் தைத்தது. வேறொரு பெண்ணிடம் போனதாகச் சந்தேகப்பட்டாலும் பரவாயில்லை, துணி அலச மறந்தவனாகத் தன்முன் நிற்க முடியாது என்று ஒரு மனிதன் எட்டு மாதம் நினைத்திருக்கிறான் என்றால், தான் அவனுக்கு என்னவாக இருந்திருக்கிறோம்? அவர் சொன்னது உண்மையானால் குற்றம் தன் பக்கமும் இருக்கிறது. பொய்யானால் குற்றம் அவருடையது மட்டும். பொய்யாக இருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகப் பயந்தாள்.

7

இங்கே நான் நிறுத்தி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீதளநாதன் சொன்ன கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நானே இட்டுக்கட்டியிருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்பேன். அதனாலேயே பயமாக இருக்கிறது. துணியை அலச மறந்து மலை ஏறித் திரும்பியது அந்த வீட்டு மனிதர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். அந்த வீட்டு மனைவி ஒருத்தி மட்டுமே நம்பக்கூடிய சாக்கும் அதுதான். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அவளுக்குப் பொருந்துகிறது. அளவெடுத்தது யார்?

அவர் அப்படிப்பட்டவர்தானா? இரண்டு சம்பவங்கள் எனக்குத் தெரியும்.

ஒன்று: வண்டு விழுந்த கடலையில் மற்ற மண்டிக்காரர்கள் மருந்துப் பொடி தூவுவார்கள். சீதளநாதன் சலித்து, வண்டுகளை முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் மண்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வருவார். ஜெயராமன் கேலி செய்வான்: "முதலாளி பொண்ண மாமியார் வூட்ல விடப் போறாரு."

இரண்டு: ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் அவர் கழுத்தில் கொசு உட்கார்ந்தது. பட்டென்று அடித்தார். அடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். பார்த்தது நான்.

இந்த இரண்டாவதை அனந்தமதியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. சந்தேகத்தை ஒருமுறை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் பட்டது போதும்.

8

அவல் சாப்பிட்டு முடித்தார்கள். செம்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. இப்போது அவள் துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீரை ஊற்றி, ஏரியில் அலச வேண்டும். முப்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை.

அனந்தமதி துணியை அவிழ்த்தாள். அலசவில்லை. ஈரத்தோடு நான்காக மடித்தாள். ரெக்சின் பையைத் திறந்து மேலாக வைத்து மூடினாள்.

அவர் பார்த்தாரா? பார்த்தார் என்றாள் அவள். செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர் ஒரு நொடி நின்றார் என்றாள். பிறகு, "வா, பஸ்ஸு போயிடும்," என்றார்.

அவள் கணக்கு எளிமையானது. அவர் சொன்னது நிஜமென்றால், முன்பு ஒருமுறை அந்தத் துணிக்காக மலை ஏறித் திரும்பியவர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். 'ஏம்மா, அலச மறந்துட்ட' என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தை போதும். செஞ்சி பஸ்ஸில் ஏறிவிடுவாள். வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு நாளைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். சொல்லாவிட்டால் வீடூர்.

அவளுடைய கணக்கில் ஒரு பிழை இருந்தது. துணியில் இருக்கிற உயிர்களை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. முப்பத்தியேழு படி ஏறி முடித்தபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. ஒரு மனிதரைச் சோதிக்க எத்தனை உயிரை எடுத்துக்கொண்டு போகிறோம்? பையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் வெளியே தெரியவில்லை. திரும்பிப் படியிறங்கினால் சோதனை போய்விடும். நடந்தாள்.

9

குமுளியில் பஸ் கிளம்பியது. வெயில் இன்னும் இருந்தது. மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு பக்கம் பள்ளம், கீழே கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்து கிடந்தது. ஏரித் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் பாறைமேல் சாய்ந்து கிடந்தன. ஜன்னலோரம் அவர். மடியில் பையோடு அவள். காலடியில் செம்பு. மூன்று வளைவு போயிற்று. அவர் பேசவில்லை.

அனந்தமதி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றேன்.

"நீங்கன்னா எப்படி முடிப்பீங்க?"

முதல் முடிவைச் சொன்னேன். நாலாவது வளைவில் சீதளநாதன் எழுந்து, "வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்துகிறார். கண்டக்டர் திட்டுகிறார். இருவரும் இறங்கி மேலே நடக்கிறார்கள், அவர் துணிமேல் செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

அவள் கேட்டுவிட்டு, "அதுல விவரம் ஜாஸ்தியா இருக்குதுக்கா," என்றாள்.

இரண்டாவது முடிவு: அவளே பொறுக்கமுடியாமல் பஸ்ஸை நிறுத்துகிறாள். அவரும் கூட இறங்குகிறார். உண்மை என்ன என்பது கடைசிவரை தெரியாது, ஆனால் மலையில் இருவரும் சேர்ந்து ஏறுகிறார்கள். இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்காமல் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது: அவர் பேசாததற்குக் காரணம், இது சோதனை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னைப் பொய்யனாக்குவதற்காக இவள் எத்தனை உயிரைக் கொல்லத் துணிவாள் என்று அவரும் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இரண்டு பேரும் வாய் திறக்காமல், இரண்டு பேரும் காத்துக்கொண்டு, விழுப்புரம் வரைக்கும்

இதை நான் முடிக்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

அவள் இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து சொன்னாள் என்று நான் இதுவரை எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். செஞ்சியில் அவள் வீட்டுக் கிணற்றடி என்று எழுதினால் ஒரு முடிவு, வீடூரில் அவள் அண்ணன் வீட்டு முற்றம் என்று எழுதினால் வேறு முடிவு. எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நான் ஒருமுறை பதில் சொல்லி நடந்தது போதும்.

10

ஆகவே பஸ்ஸை நாலாவது வளைவுக்கு முன்னால் நிறுத்தி உங்களிடம் விட்டிருக்கிறேன். நிறுத்தினேன் என்று சொல்வதும் சரியல்ல. எனக்குத்தான் நின்றிருக்கிறது. அவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாக வெயிற்காலத்து மலைக்காற்று அடிக்கிறது. ரெக்சின் பையின் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய் வழியாகக் காற்று உள்ளே போகிறது.

இந்த மூன்று முடிவையும் எழுதி அடிப்பதற்கு எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நீங்களும் யோசிப்பீர்கள். அவர் நல்லவரா, அவள் செய்தது சரியா, அந்தக் கொசு, அந்த வண்டு, இருபத்திரண்டு படி. நியாயமாக யோசிக்க நேரம் ஆகும்.

துணி இன்னும் ஈரமாக இருக்கிறது. அவர் காலடியில் செம்பில் பாதித் தண்ணீர் இருக்கிறது. இரண்டு பேரில் யார் கை முதலில் நீள வேண்டும் என்று சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.